சிங்க்ரோட்ரான் ஒளிமூலத்துக்கு மீக்கடத்தி கேவிட்டி மாட்யூலை உருவாக்கும் முறை

சேமிப்பு வளையத்தில் சுற்றும் எலெக்ட்ரான்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒளியாக இழக்கும் ஆற்றலைத் திருப்பித் தருவதே ரேடியோ அதிர்வெண் கேவிட்டியின் (மின்காந்த அலையைத் தேக்கி எலெக்ட்ரான்களை முடுக்கும் உள்ளீடற்ற உலோக அறையின்) வேலை. இதைச் செம்பினால் ஆன கேவிட்டியைக் கொண்டும் செய்யலாம். திரவ ஹீலியத்தில் குளிர்ந்து மீக்கடத்தியாக மாறியிருக்கும் நயோபியக் கேவிட்டியைக் கொண்டும் செய்யலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் குழு எந்த வரிசையில் வேலைகளை எடுத்துக்கொள்ள வேண்டும், எந்த இடங்களில் அவசரப்படக் கூடாது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. ஒளிமூலத்துக்கான மாட்யூலில் உயர்ந்த மின்னழுத்தத்தை எட்டுவது கடினமான பகுதி அல்ல. நூற்றுக்கணக்கான கிலோவாட் திறனை எலெக்ட்ரான் கற்றைக்குள் செலுத்திக்கொண்டே, பயனாளர்கள் அளவீடு செய்யும் வாரங்கள் முழுவதும் தடைபடாமல் ஓடுவதுதான் கடினம். வடிவமைப்பின் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு நோக்கத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

தேவையைக் கணக்கிடுதல்

எலெக்ட்ரானின் ஆற்றலை ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டில் எடுத்து, நான்காம் படிக்கு உயர்த்தி, 88.5 ஆல் பெருக்கி, வளைகாந்தத்தின் வளைவு ஆரத்தால் வகுத்தால், ஒரு சுற்றில் ஏற்படும் இழப்பு கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். ஆரம் மீட்டரில் இருக்க வேண்டும். 3 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் வளையத்தில் ஆரம் 7 மீட்டர் என்றால் இழப்பு சுமார் 1,020 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். கற்றையை அலைபோல் வளைத்து ஒளி எடுக்கும் காந்த வரிசைகளான அண்டுலேட்டர்களும் விக்லர்களும் சேர்ந்து இதை 1.2 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டாக உயர்த்துகின்றன என்று எடுத்துக்கொள்வோம். கற்றை மின்னோட்டம் 500 மில்லியாம்பியர் என்றால் கற்றைக்குக் கொடுக்க வேண்டிய திறன் 600 கிலோவாட். இழப்பை ஈடுசெய்ய 1.2 மெகாவோல்ட் போதும் என்றாலும், போதுமான ஆற்றல் ஏற்பு வீச்சும் கற்றை ஆயுளும் கிடைக்க மொத்த மின்னழுத்தம் அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை இருக்க வேண்டும். இங்கே 3.4 மெகாவோல்ட் என வைத்துக்கொண்டால், இரண்டு மாட்யூல்கள் போதும்: ஒவ்வொன்றும் 1.7 மெகாவோல்ட், 300 கிலோவாட். இந்த எண்களையே கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

500 மெகாஹெர்ட்ஸ் செம்புக் கேவிட்டி ஒன்றின் இணைத்தடை (மின்னழுத்தத்தின் வர்க்கத்தைச் சுவர் இழப்பால் வகுத்தால் கிடைப்பது) ஏறத்தாழ 7 மெகா ஓம். அதே 3.4 மெகாவோல்ட்டை ஆறு செம்புக் கேவிட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், சுவர்களில் மட்டும் சுமார் 280 கிலோவாட் வெப்பமாக வீணாகும். நயோபியக் கேவிட்டியில், தேங்கிய ஆற்றல் எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதைச் சொல்லும் தரக்காரணியான கியூ 100 கோடியாக இருந்தால், 1.7 மெகாவோல்ட்டில் சுவர் இழப்பு 33 வாட்டுக்குள் அடங்கும். ஆனால் அந்த 33 வாட்டை 4.5 கெல்வினிலிருந்து அறை வெப்பநிலைக்கு ஏற்றி வெளியேற்ற வேண்டும். ஒரு வாட்டுக்கு 250 முதல் 300 வாட் வரை மின்சாரம் செலவாகும். கேவிட்டியையும் ஹீலியத்தையும் குளிரில் காக்கும் உறையான கிரையோஸ்டாட்டின் நிலையான வெப்பக் கசிவு சுமார் 30 வாட். அதையும் இதே விலையில்தான் வெளியேற்ற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மின்சாரம் மிச்சமாகத்தான் செய்கிறது. ஆனாலும் மின்கட்டணச் சேமிப்பை மட்டும் காரணமாகக் காட்டி மீக்கடத்தித் தொழில்நுட்பத்துக்கு நிதி கேட்பது வலுவான வாதம் அல்ல. குறைவான கேவிட்டிகள், குறைவான நேர்ப்பகுதி இடம், கற்றையை நிலைகுலைக்கும் உயர் பாங்குகள் (கேவிட்டிக்குள் எழும் வேண்டாத உயர் அதிர்வெண் அலைவு வடிவங்கள்) மிகக் குறைவு என்பவையே உண்மையான காரணங்கள். இவை உங்கள் வளையத்துக்கு முக்கியம் இல்லையென்றால் செம்பையே தேர்ந்தெடுக்கலாம். கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய ஒளிமூலம் 2020இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது உயர் பாங்குகளைத் தணிக்கும் செம்புக் கேவிட்டிகளையே வைத்துக்கொண்டது. சுவீடனின் மேக்ஸ் ஃபோர் 100 மெகாஹெர்ட்ஸ் செம்பில் ஓடுகிறது.

வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

நேர்கோட்டு முடுக்கிகளில் பல அறைகள் கொண்ட நீண்ட கேவிட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒளிமூலக் கேவிட்டியில் ஒரே ஓர் அறை இருப்பது வீண்செலவாகத் தோன்றலாம். ஒரே அறையோடு நிறுத்துவதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ரேடியோ திறனைக் கேவிட்டிக்குள் நுழைக்கும் கப்ளர் ஒன்றின் வழியே நம்பிக்கையோடு செலுத்தக்கூடிய திறனுக்கு வரம்பு உண்டு. அறைகளைக் கூட்டினால் மின்னழுத்தம் கூடும், கப்ளரின் வரம்பு உயராது. இரண்டாவது, அறைகள் கூடினால் உயர் பாங்குகள் நடுவில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய பாங்கு ஒவ்வொரு எலெக்ட்ரான் கொத்தாலும் தூண்டப்பட்டு அடுத்த கொத்தைத் தள்ளும். மின்னோட்டம் ஏற ஏற இந்த அலைவு வளர்ந்து ஒளியின் தரத்தைக் கெடுக்கும்.

ஆகவே முடுக்கும் பாங்கை மட்டும் உள்ளே பூட்டி, மற்ற அனைத்தையும் கற்றைக் குழாய் வழியே வெளியே விடுவதுதான் வடிவமைப்பின் சாரம். இதைக் குழாயின் விட்டமே தீர்மானிக்கிறது. ஜப்பானின் கேஇகே ஆய்வகம் தன் கேஇகேபி மோதுவிக்காக வடிவமைத்த கேவிட்டியில் ஒரு பக்கக் குழாயின் விட்டம் 300 மில்லிமீட்டர். அந்தக் குழாயில், கற்றையைப் பக்கவாட்டில் தள்ளும் இருமுனைப் பாங்குகள் 586 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும், கற்றையை நீளவாக்கில் தள்ளும் ஒருமுனைப் பாங்குகள் 765 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் பரவ முடியும். 508 மெகாஹெர்ட்ஸ் முடுக்கும் பாங்கு வெளியேற முடியாது. கார்னெல் பல்கலைக்கழகம் வடிவமைத்த 500 மெகாஹெர்ட்ஸ் கேவிட்டியில் வட்டக் குழாயின் விட்டம் 240 மில்லிமீட்டர். அதன் இருமுனை வெட்டு அதிர்வெண் (இதற்குக் கீழே அலை குழாயில் பரவாது) 732 மெகாஹெர்ட்ஸ். மிகத் தாழ்ந்த இருமுனைப் பாங்குகள் இதற்குக் கீழே இருப்பதால், ஒரு பக்கக் குழாயில் நீளவாக்கில் வரிப்பள்ளங்களைச் சேர்த்து அந்தப் பாங்குகளுக்கு மட்டும் வெட்டு அதிர்வெண்ணைத் தாழ்த்தினார்கள். பிரான்சின் சோலே ஒளிமூலம் வேறு பாதையில் சென்றது: செம்பின் மேல் நயோபியப் படலம் பூசிய 352 மெகாஹெர்ட்ஸ் கேவிட்டிகள் இரண்டை ஒரே கிரையோஸ்டாட்டில் வைத்து, நடுக்குழாயில் தணிப்புக் கப்ளர்களைப் பொருத்தியது. கார்னெல் வகை பிரிட்டனின் டயமண்ட், கனடிய ஒளிமூலம், அமெரிக்காவின் என்எஸ்எல்எஸ் இரண்டு உள்ளிட்ட வளையங்களில் ஓடுகிறது. கேஇகே வகை தைவான் ஃபோட்டான் சோர்ஸில் ஓடுகிறது.

புதிதாகத் தொடங்கும் குழு இவற்றில் ஒன்றை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, தன் தேவைக்காக ஓரிரு இடங்களை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம். வடிவத்தை முற்றிலும் புதிதாக வரைவதில் கிடைக்கும் சிறு இலாபத்தை, கப்ளர் அருகே எதிர்பாராமல் எழும் ஒரு மல்ட்டிபாக்டிங் (எலெக்ட்ரான்கள் சுவரில் மோதி மோதிப் பெருகும் நிகழ்வு) பட்டையே விழுங்கிவிடும். 1.7 மெகாவோல்ட் என்பது 30 சென்டிமீட்டர் இடைவெளியில் மீட்டருக்கு 5.7 மெகாவோல்ட், எக்ஸ் கதிர் லேசருக்கான ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் நேர்கோட்டு முடுக்கியின் வடிவமைப்பு மதிப்பு மீட்டருக்கு 23.6 மெகாவோல்ட். புலத்தின் உச்சத்தைத் தேடி வடிவத்தைத் திருத்துவது இந்தத் துறையில் தேவையற்ற ஆசை.

அதிர்வெண் கணக்குப் புத்தகம்

தகட்டை வெட்டுவதற்கு முன்பே ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் கேவிட்டி சரியாக 500 மெகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டுமானால், பட்டறையில் அது எந்த அதிர்வெண்ணில் இருக்க வேண்டும் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வினுக்கு இறங்கும்போது நயோபியம் 0.143 விழுக்காடு சுருங்கும். அதனால் அதிர்வெண் ஏறத்தாழ 715 கிலோஹெர்ட்ஸ் உயரும். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால் சுமார் 150 கிலோஹெர்ட்ஸ் உயரும். அறையின் ஈரப்பதத்தைப் பொறுத்து இது சற்று மாறும். அமிலத்தில் அரிப்பதால் அறை பெரிதாகி அதிர்வெண் குறையும். பற்றவைப்பின் சுருக்கம், வெளியழுத்தத்தால் வரும் வளைவு, கேவிட்டியை இழுத்தோ அமுக்கியோ அதிர்வெண்ணைத் திருத்தும் டியூனரின் முன்சுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேண்டும்.

நடைமுறையில் இது இப்படி நடக்கும். அழுத்தி உருவாக்கிய அரைக்கிண்ணத்தை நடுக்கோட்டு விளிம்பில் சில மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுவைத்து, இரு முனைகளையும் தட்டையான உலோகத் தகடுகளால் மூடி, சிறிய ஆண்டெனாவை நுழைத்து, வலையமைப்புப் பகுப்பானில் அதிர்வெண்ணை அளக்க வேண்டும். தகடு சரியாகப் படியாவிட்டால் ஒத்திசைவுச் சிகரம் அகன்று, அளவீடு ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வரும். எடை வைத்து அழுத்தி, ஒரே எண் மீண்டும் மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அதே தாளில் எழுத வேண்டும். பிறகே விளிம்பை எவ்வளவு சீவுவது என்று தீர்மானிக்க வேண்டும். பற்றவைத்த பின் கேவிட்டியை இழுத்தோ அமுக்கியோ நிரந்தரமாக நீட்டிச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதை நம்பிச் சீவுவதில் அலட்சியம் காட்டினால், டியூனரின் வீச்சில் பாதி முதல் நாளிலேயே தீர்ந்துவிடும்.

தகடு முதல் பற்றவைப்பு வரை

எஞ்சிய மின்தடை விகிதம் (அறை வெப்பநிலை மின்தடையை ஆழ்குளிர் மின்தடையால் வகுத்தது; தூய்மையின் அளவுகோல்) 250க்கு மேல் உள்ள, 3 மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள நயோபியத் தகடுகளை வாங்க வேண்டும். இந்த விகிதம் உயர்ந்தால் உலோகத்தின் வெப்பக் கடத்தலும் உயரும். மேற்பரப்பில் ஒரு சிறு குறை சூடானாலும் அந்தச் சூடு ஹீலியத்துக்கு விரைவாகப் போய்ச்சேரும். தகடுகளைச் சுழல் மின்னோட்ட முறையில் வருடிப் பார்ப்பதோடு, எளிய சோதனை ஒன்றையும் விட்டுவிடக் கூடாது: தகட்டை நீரில் ஊறப்போட்டு எடுத்தால், உருட்டும்போது பதிந்த இரும்புத் துகள் இருக்கும் இடத்தில் துருப்புள்ளி தெரியும். ஊசிமுனை அளவுள்ள அந்தப் புள்ளியை அப்போதே தேய்த்து எடுத்துவிடலாம்; கேவிட்டி மூடிய பின் அதைத் தேடுவது பெரும்பாடு.

பற்றவைப்பு வெற்றிடத்துக்குள் எலெக்ட்ரான் கற்றையால் செய்யப்பட வேண்டும், ஏனெனில் சூடான நயோபியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் பேராசையோடு உறிஞ்சும். விளிம்புகளைப் பற்றவைப்புக்குச் சற்று முன்பு அமிலத்தில் அரித்து, தூய நீரில் கழுவி, கையுறை இல்லாத கை படாமல் அறைக்குள் ஏற்ற வேண்டும். நடுக்கோட்டுப் பற்றில் உலோகம் முழுத் தடிப்பும் உருகி, உட்புறத்தில் வழவழப்பான வரம்பாகப் படிய வேண்டும். அங்கேதான் காந்தப்புலம் மிக அதிகம். ஒரு குழியோ தெறித்த துளியோ இருந்தால் மீக்கடத்தும் தன்மை அங்கிருந்துதான் குலையத் தொடங்கும். உண்மையான பற்றவைப்புக்கு முன் அதே தடிப்பில் மாதிரித் துண்டுகளைப் பற்றவைத்து வெட்டிப் பார்க்காமல் எந்தத் தொழிற்சாலைக்கும் ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

மேற்பரப்பு

உருவாக்கத்தின்போது சிதைந்த மேலடுக்கு 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதை வேதிமுறையில் அகற்ற வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக், பாஸ்பாரிக் அமிலங்களின் கலவையில் அரிப்பது எளிய முறை. ஹைட்ரோஃபுளோரிக், சல்பூரிக் அமிலங்களில் மின்வேதி மெருகூட்டுவது இன்னும் வழவழப்பைத் தரும். இங்கே தேவைப்படும் புல அளவுக்கு முதல் முறையே போதும் என்பது என் மதிப்பீடு. கலவையின் வெப்பநிலையை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் உலோகத்துக்குள் புகும் ஹைட்ரஜன் குறையும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே சென்று எலும்பு வரை பாதிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எட்டும் தூரத்தில் இல்லாமலும், தனியாளாகவும் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

உள்ளே புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வெற்றிட உலையில் 600 முதல் 800 டிகிரி வரை சில மணி நேரம் சூடாக்க வேண்டும். இதைத் தவிர்த்தால், குளிர்விக்கும்போது கேவிட்டி 150 கெல்வினுக்கும் 70 கெல்வினுக்கும் இடையே மெதுவாகக் கடந்தால் மேற்பரப்பில் நயோபிய ஹைட்ரைடு படிந்து கியூ பல மடங்கு விழும். பெரிய மாட்யூல்களை வேகமாகக் குளிர்விக்க முடியாது என்பதால், உலைச் சிகிச்சையை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்குவதே நல்லது.

அடுத்து மெல்லிய இறுதி அரிப்பு, பின் 80 முதல் 100 பார் அழுத்தத்தில் மிகத் தூய நீரால் உட்புறம் முழுவதும் பீய்ச்சிக் கழுவுதல், பின் ஐஎஸ்ஓ நான்காம் தரத் தூய்மை அறையில் உலர்த்துதல். கருவிகளைப் பூட்டும் வேலையில்தான் பெரும்பாலான தூசி நுழைகிறது. ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் வடிகட்டிய நைட்ரஜனால் ஊதி, துகள் எண்ணி பூச்சியத்தில் நிற்கும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகே அதைக் கேவிட்டியின் அருகே கொண்டுபோக வேண்டும். திறந்த வாய்க்கு மேலே கை நீட்டக் கூடாது. பக்கவாட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டும். வெற்றிடத்தை உறிஞ்சும்போதும் உள்ளே காற்றை விடும்போதும் ஓட்டம் மிக மெதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் அமைதியாகக் கிடந்த தூசி அறைக்குள் பறந்து புல உமிழ்வின் (வலிய மின்புலம் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்குவதன்) விதையாகிவிடும்.

செங்குத்துச் சோதனை

கேவிட்டியை ஹீலியத் தொட்டியில் தனியே தொங்கவிட்டு அளப்பது, மாட்யூலைப் பூட்டுவதற்கு முன் கிடைக்கும் கடைசி மலிவான வாய்ப்பு. ஊட்டத்தைத் துண்டித்தபின் உள்ளே தேங்கிய ஆற்றல் தேயும் நேரத்தை அளந்தால் கியூ தெரிந்துவிடும்: 500 மெகாஹெர்ட்ஸில் கியூ 100 கோடி என்றால் அந்த நேரக் காரணி சுமார் 0.32 விநாடி, ஊட்டக் கப்ளர் சரியாகப் பொருந்தியிருக்கும்போது அதில் பாதி. பின்னர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, கியூ எங்கே சரியத் தொடங்குகிறது, புல உமிழ்வைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ் கதிர் எங்கே தலைகாட்டுகிறது என்று குறிக்க வேண்டும். இயக்க மின்னழுத்தத்தைவிட 30 விழுக்காடு மேலே, அதாவது 2.2 மெகாவோல்ட்டில், கியூ 100 கோடிக்குக் குறையாமலும் எக்ஸ் கதிர் ஏறாமலும் இருந்தால் ஏற்கலாம். மின்னழுத்தம் எட்டிவிட்டது என்பதற்காக, எக்ஸ் கதிர் கொட்டும் கேவிட்டியை ஏற்காதீர்கள். திரும்பக் கழுவுவது சில வாரங்கள், மாட்யூலைப் பிரித்துக் கழுவுவது பல மாதங்கள்.

காந்தக் கவசம் பற்றி ஒரு சொல். புவியின் 500 மில்லிகாஸ் புலம் முழுவதும் நயோபியத்தில் சிக்கிக்கொண்டால், இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 100 நானோ ஓம் கூடுதல் தடை வரும், 4.5 கெல்வினில் மீக்கடத்தியின் இயல்பான தடையும் அதே அளவில் இருப்பதால் கியூ பாதியாகும். 20 மில்லிகாஸுக்குக் குறைத்தால் பாதிப்பு 5 நானோ ஓமுக்குள் அடங்கும். 2 கெல்வினில் ஓடும் நேர்கோட்டு முடுக்கிகளுக்கான கடும் காந்தச் சுகாதார விதிகளை அப்படியே எடுத்து வந்து இங்கே செலவைக் கூட்ட வேண்டியதில்லை.

ஹீலியக் கலமும் கிரையோஸ்டாட்டும்

சில நூறு லிட்டர் திரவ ஹீலியத்தை வைத்திருக்கும் கலம் ஓர் அழுத்தக் கலம். உங்கள் நாட்டின் அழுத்தக் கலச் சட்டம் அதற்குப் பொருந்தும். உலையில் மென்மையான நயோபியம் அறை வெப்பநிலையில் வலுக்குறைந்தது என்பதால், அனுமதிக்கும் அழுத்தத்தைக் கேவிட்டியின் சுவரே தீர்மானிக்கும். மோசமான விபத்தாகக் கருத வேண்டியது, கற்றைக் குழாயின் வெற்றிடம் உடைந்து காற்று உள்ளே பாய்ந்து குளிர்ந்த சுவரில் உறைவது: அப்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சில வாட் வெப்பம் ஹீலியத்துக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். பாதுகாப்பு வால்வையும் வெடிதகட்டையும் இந்த நிகழ்வுக்கே அளவிட வேண்டும். வெளியேறும் குழாய் சுரங்கத்துக்குள் திறந்தால் அங்கே ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பதால், கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும்.

வெப்பக் கவசத்தைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, பல அடுக்குப் பளபளப்புத் தாளால் சுற்றுவது வழக்கம். கேவிட்டியைக் குளிர்விக்கும் வேகத்தை ஃபிளாஞ்சுகளின் இருபுறமும் உள்ள வெப்பநிலை வேறுபாடே கட்டுப்படுத்த வேண்டும். இண்டியம் கம்பியால் அடைத்த மூட்டுகள் ஒரே சீராகச் சுருங்காவிட்டால் குளிரில் மட்டும் தோன்றும் கசிவு உண்டாகும். அறை வெப்பநிலையில் தெரியாத இத்தகைய கசிவு, எல்லாக் கசிவுகளிலும் எரிச்சலூட்டுவது.

கப்ளர்

ஒரு மாட்யூலின் நம்பகத்தன்மை பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கற்றைக்கு 300 கிலோவாட் முழுவதும் எதிரொளியின்றிப் போய்ச்சேர, கப்ளரின் வெளிக் கியூவை (கப்ளர் வழியே வெளியேறும் ஆற்றலை மட்டும் கணக்கில் எடுக்கும் கியூவை) சரியாக வைக்க வேண்டும்: மின்னழுத்தத்தின் வர்க்கத்தை, 89 ஓம் என்ற கார்னெல் வகையின் வடிவ மாறிலியாலும் 300 கிலோவாட்டாலும் வகுத்தால் சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் கிடைக்கும். வளையம் தொடக்கக் காலத்தில் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும் என்றால் அப்போது ஒரு பகுதித் திறன் திரும்பி வரும். அதைத் திசைதிருப்பும் சுழற்றியும் உறிஞ்சும் சுமையும் தாங்க வேண்டும்.

கற்றை திடீரென்று இழக்கப்படும் கணத்தில் செலுத்தும் திறன் முழுவதும் திரும்பும். அப்போது உருவாகும் நிலையலையின் உச்சத்தில் புலம், 1,200 கிலோவாட் பாயும் அலையின் புலத்துக்குச் சமம். ஆகவே கப்ளரை ஓடலையில் மட்டும் சோதித்துவிட்டுக் கையெழுத்திடக் கூடாது. இரண்டு கப்ளர்களை எதிரெதிரே இணைத்து, சூடேற்றி வாயு நீக்கிய பின், ஓடலையிலும், உச்சத்தின் இடத்தை நகர்த்தி நகர்த்தி நிலையலையிலும் பயிற்றுவிக்க வேண்டும். குறுகிய துடிப்புகளில் தொடங்கி, வெற்றிட அளவி அசைந்தால் நிறுத்தி, அடங்கினால் தொடர்வதே முறை. அலுமினா சாளரத்தின் வெற்றிடப் பக்கத்தில் மெல்லிய டைட்டானியம் நைட்ரைடு பூச்சு இரண்டாம் நிலை எலெக்ட்ரான்களைக் குறைக்கும். ஓரச்சுக் கப்ளர் (ஒரே அச்சில் உட்கடத்தியும் வெளிக்கடத்தியும் உள்ளது) என்றால் உட்கடத்திக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்து மல்ட்டிபாக்டிங் பட்டையை இடம்பெயர்க்க வசதி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒளிப்பொறி உணரியும், எலெக்ட்ரான் பிடிப்பானும், தனி வெற்றிட அளவியும் வேண்டும்.

கப்ளரின் குளிர்ந்த பகுதி வளையத்தின் எஞ்சிய வாயுக்களை மாதக்கணக்கில் தன்மேல் உறையவைத்துக்கொள்ளும். படலம் தடித்ததும், முன்பு கடந்துவிட்ட திறன் அளவிலேயே மீண்டும் வாயு வெடிப்புகள் தோன்றும். இதற்கு மருந்து புதிய வன்பொருள் அல்ல. மாட்யூலை நீண்ட நிறுத்தத்தின்போது வெப்பமாக்கி வாயுவை உறிஞ்சி எடுப்பதும், பராமரிப்பு நாட்களில் கேவிட்டியை ஒத்திசைவிலிருந்து விலக்கிக் கப்ளரை மட்டும் பயிற்றுவிப்பதும்தான்.

உயர் பாங்கு உறிஞ்சிகள்

வெளியே விட்ட பாங்குகளை அறை வெப்பநிலையில் உள்ள ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையங்கள் உறிஞ்சி நீருக்குக் கொடுக்கும். எவ்வளவு வெப்பம் என்பதைக் கணக்கிட, கொத்து விட்டுச்செல்லும் ஆற்றலைக் குறிக்கும் இழப்புக் காரணியை மின்னோட்டத்தின் வர்க்கத்தாலும் கொத்துகளுக்கு இடையிலான நேரத்தாலும் பெருக்க வேண்டும். இழப்புக் காரணி ஒரு பிக்கோகூலோமுக்கு 1 வோல்ட், மின்னோட்டம் 500 மில்லியாம்பியர், இடைவெளி 2 நானோ விநாடி என்றால் 500 வாட். அதே மின்னோட்டத்தைப் பாதிக் கொத்துகளில் அடைத்தால் 1,000 வாட் என்பதைப் பயனாளர்கள் சிறப்பு நிரப்பு முறை கேட்கும்போது நினைவில் கொள்ள வேண்டும். கேஇகே ஆய்வகம் ஃபெரைட்டைச் செம்புக் குழாயின் உட்புறத்தில் உயர் வெப்ப அழுத்தத்தில் பிணைத்தது. கார்னெல் சிறு ஓடுகளாகப் பற்றாசு வைத்தது. ஃபெரைட் உடையக்கூடியது, அதன் தூள் கேவிட்டிக்குள் போனால் செங்குத்துச் சோதனையின் நற்பெயர் அன்றோடு முடிந்தது. ஒவ்வொரு வளையத்தையும் தனியே சூடாக்கிச் சோதித்துக் கழுவிய பிறகே கேவிட்டியோடு இணைக்க வேண்டும்.

கட்டுப்பாடும் டியூனரும்

வெளிக் கியூ 1 லட்சத்து 8 ஆயிரம் என்றால் அலைவரிசை அகலம் சுமார் 4.6 கிலோஹெர்ட்ஸ். முழு மின்னோட்டத்தில் கற்றையின் எதிர்வினையைச் சமன்செய்ய கேவிட்டியை ஏறத்தாழ 6 கிலோஹெர்ட்ஸ் கீழே விலக்கி வைக்க வேண்டும். மின்னோட்டம் ஏறும்போது டியூனர் இதைத் தானே பின்தொடர வேண்டும். படிநிலை மோட்டார் பெரிய அசைவுக்கும், பைசோ (மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பொருள்) சிறிய அசைவுக்கும். ஹீலிய அழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் உங்கள் கேவிட்டி எத்தனை ஹெர்ட்ஸ் நகரும் என்பதை அளந்து, குளிர்விப்பு நிலையக் குழுவிடம் அழுத்த நிலைப்பாட்டை எண்ணாகக் கேளுங்கள். ‘நிலையாக இருக்கட்டும்’ என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறுவேறாகப் புரிந்துகொள்வார்கள். ஒரு மாட்யூல் பழுதானால் அதை எங்கே நிறுத்திவைப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்ய வேண்டும். 518 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தின் சுற்று அதிர்வெண் 578 கிலோஹெர்ட்ஸ். கற்றை இந்த இடைவெளியில் தூண்டும் அதிர்வெண்களான சுற்று வரிகள் இரண்டின் நடுவே கேவிட்டியை விலக்கி நிறுத்த டியூனருக்கு ஏறத்தாழ 290 கிலோஹெர்ட்ஸ் வீச்சு வேண்டும்.

திறன்மூலத்தைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகம் இல்லை. கிளைஸ்ட்ரான் எனும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நூற்றுக்கணக்கான சிறு பெருக்கிகளைச் சேர்த்து 180 கிலோவாட் அளவிலான திடநிலைப் பெருக்கிகளை சோலே ஓட்டிக்காட்டிய பிறகு, ஒன்றிரண்டு பெருக்கிகள் பழுதானாலும் கற்றை நிற்காத அமைப்பையே புதிய வளையங்கள் விரும்புகின்றன.

முதன்மை அதிர்வெண்ணைப்போல் மூன்று மடங்கில் ஓடி, கொத்துகளை நீட்டிக் கற்றை ஆயுளைக் கூட்டும் மூன்றாம் இசைய மாட்யூலும் இதே பாதையில்தான் உருவாகும். 1.5 ஜிகாஹெர்ட்ஸில் மேற்பரப்புத் தடை 9 மடங்காகும் என்பதும், கற்றையே அதை ஊட்டுவதால் பெரிய கப்ளர் வேண்டாம் என்பதும் முக்கிய வேறுபாடுகள். சுவிஸ் ஒளிமூலமும் இத்தாலியின் எலெட்ராவும் இவ்வகை மாட்யூல்களை ஓட்டிக்காட்டியிருக்கின்றன.

வளையத்தில் பொருத்தி ஓட்டுதல்

மாட்யூலை நேரே வளையத்தில் வைக்காமல், கதிர்வீச்சுக் கவசமுள்ள சோதனை அறையில் முழுத் திறனில் நாட்கணக்கில் ஓட்ட வேண்டும். தைவான் ஃபோட்டான் சோர்ஸ் பின்பற்றிய ஒழுங்கு இதற்கு நல்ல முன்மாதிரி: 2014 டிசம்பர் 31 அன்று முதல் ஒளியைச் செம்புக் கேவிட்டிகளோடு கண்டார்கள், புதிய வளையத்தின் வெற்றிடக் குழாய்கள் கற்றையால் தூய்மையான பிறகு, 2015இல் மீக்கடத்தி மாட்யூல்கள் இரண்டை உள்ளே வைத்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 500 மில்லியாம்பியரைத் தாண்டினார்கள். புதிய வளையத்தின் வாயுக்களைக் குளிர்ந்த நயோபியத்தின் மேல் படியவிடாமல் காப்பாற்றியதே இந்த வரிசையின் சிறப்பு.

மின்னோட்டத்தை ஏற்றும்போது ஒவ்வொரு படியிலும் கப்ளர் வெற்றிடம், ஃபெரைட் நீரின் வெப்பநிலை, ஹீலிய அழுத்தம் மூன்றும் அடங்கும்வரை நிற்க வேண்டும். ஒவ்வொரு தடையின்போதும் கேவிட்டி மின்னழுத்தம், செல்லும் திறன், திரும்பும் திறன், கற்றை மின்னோட்டம், ஒளிப்பொறி உணரி ஆகிய குறிகளை மைக்ரோ விநாடித் துல்லியத்தில் பதிவுசெய்யும் கருவி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். கேவிட்டி மின்னழுத்தம் சில மைக்ரோ விநாடிகளில் சரிந்தால் உள்ளே மின்பொறி. மில்லி விநாடிக் கணக்கில் தேய்ந்தால் மீக்கடத்தும் தன்மை குலையும் குவெஞ்ச். கற்றை முதலில் மறைந்து பின்னர்த் திரும்பும் திறன் எழுந்தால் குற்றம் கேவிட்டியில் இல்லை. இந்த வரிசையைப் படிக்கத் தெரியாத குழு, வெளியில் பிறந்த தடைகளுக்காகக் கப்ளரைத் திட்டிக்கொண்டிருக்கும்.

உதிரி மாட்யூல் ஒன்றை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். ஒரு மாட்யூலைப் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். டயமண்ட் தன் மீக்கடத்தி மாட்யூல்களோடு செம்புக் கேவிட்டிகளையும் வளையத்தில் சேர்த்துக்கொண்டதன் பின்னணியில் இந்தக் கவலையும் உண்டு. உதிரியை மூலையில் மூடிவைக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை சோதனை அறையில் குளிர்வித்து, கப்ளரை முழுத் திறன் வரை பயிற்றுவித்து, வெற்றிடத்தைப் பம்ப் ஓடும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.